கடைசிப் பெஞ்சிலிருந்து தொடங்கலாம்: சர்ச்சுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபையின் வாசலில் நிற்பது என் பொறுப்பு. பாட்டுப் புத்தகம் கொடுப்பது, பைக்கை நிழலில் விடச் சொல்வது, வயதானவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே இடம் பார்த்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அவ்வப்போது யாராவது கேட்டுக்கு வெளியே நின்று பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் போனால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "நாங்க உள்ள வரலாமுங்களா?"

தாராளமாக வரலாம். நானும் அப்படி நின்றவன்தான். காங்கேயம் பக்கம் காட்டு வேலை, அதாவது விவசாய வேலை, செய்யும் குடும்பம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில், தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் "ஒரு நாளைக்குச் சும்மா வந்து உக்காந்து பாரு கண்ணு" என்று கூப்பிட்டார். போனேன். பாதி புரியவில்லை, மீதிப் பாதியில் தூக்கம் வந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன்.

ஆர்வமாக வருகிற பலர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். பைபிளை முதல் பக்கத்திலிருந்து நாவல் மாதிரிப் படிக்க ஆரம்பித்து, லேவியராகமத்தில் பலி கொடுக்கும் முறைகள் வந்ததும் மூடி வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் கடவுள் எப்படி மூவராகவும் ஒருவராகவும் இருக்க முடியும் என்று முதல் வாரமே முட்டிக்கொள்வார்கள். என் யோசனை வேறு. அந்த ஞாயிறு என்ன பகுதியைப் பிரசங்கம் செய்கிறார்களோ, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி போதும். அப்படி ஓர் ஆண்டு போனால் இந்த நம்பிக்கை எதைப் பற்றியது, இந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது இரண்டும் சேர்ந்தே பிடிபடும்.

எந்தச் சர்ச்?

சர்ச் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே பங்காளி முறைதான். பாட்டன் சொத்து ஒன்று, வீடுகள் தனித்தனி.

கத்தோலிக்கர்கள் நம் கொங்குப் பகுதியில் மிகப் பழையவர்கள். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தின் தொடக்கம் 17ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. 2019இல் அது பசிலிக்கா, அதாவது போப்பிடமிருந்து சிறப்புத் தகுதி பெற்ற ஆலயம், ஆனது. கோவை மறைமாவட்டம் 1886இல் அமைந்தது, அதன் தலைமைக் கோவில் பெரிய கடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயம். அடுத்தது சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் லண்டன் மிஷன்காரர்களும், கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட்காரர்களும் வேலை செய்திருந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன் போன்ற சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. உருவானபோது அந்த இரண்டு ஓடைகளும் ஒரே ஆற்றில் சேர்ந்தன. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் இருக்கும் பிரப் நினைவு ஆலயம் லண்டன் மிஷன் காலத்து நினைவு. சி.எஸ்.ஐ. கோவைத் திருமண்டலத்தின் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) முதல் பேராயர், அதாவது பிஷப், ஏ. ஜே. அப்பாசாமி. தமிழ் பக்தி மரபையும், பைபிளில் இயேசுவின் கதையைச் சொல்லும் நூல்களில் ஒன்றான யோவான் நற்செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்த அறிஞர் அவர். தேவாரமும் திருவாசகமும் கேட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் அவரைப் பற்றித் தவறாமல் சொல்வேன்.

இவர்களைத் தவிர லுத்தரன் சபை உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாண மண்டபத்தில் நடப்பதும் இருக்கும், மொட்டைமாடிக் கொட்டகையில் நடப்பதும் இருக்கும். கோவை ராமநாதபுரத்தில் சீரோ மலபார் கத்தோலிக்கர்களின் பேராலயம் இருக்கிறது, அங்கே மலையாள வழிபாடு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமை கூடுவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில் இருப்பதை. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. டி.வி.யில் பேசும் பெரிய பிரசங்கியாரைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் போனால் பிரசங்கம் கிடைக்கும். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு வருகிற ஆள் கிடைக்கமாட்டார். ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்தாறு வாரம் போங்கள். பிறகு பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். வாரம் ஒரு சர்ச் என்று சுற்றினால் எங்கேயும் முதல் நாள் ஆளாகவே இருப்பீர்கள்.

முதல் நாள்

பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள். கடைசியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருங்கள். முன்னால் இருக்கிறவர்கள் எழுந்தால் எழலாம், உட்கார்ந்தால் உட்காரலாம். முழங்கால் போடுவது கட்டாயமில்லை; தலையைக் குனிந்து இருந்தால் போதும். வராந்தாவில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பல சபைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெண்கள் முக்காடு போடுவது வழக்கம், தரையில் பாய் விரித்து உட்காருவதும் உண்டு. மற்றபடி உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டால் சரியாக இருக்கும்.

நேரம் பற்றி முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது. கத்தோலிக்கத் திருப்பலி ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், மறையுரை, அதாவது பிரசங்கம், பத்துப் பதினைந்து நிமிடம். சி.எஸ்.ஐ. ஆராதனை ஒன்றரை மணிக்கு மேல் போகும், பிரசங்கம் அரை மணி நேரம் இருக்கும். பெந்தெகொஸ்தே கூட்டம் மூன்று மணி நேரம் நடக்கலாம், பிரசங்கமே ஒரு மணி. டிபன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திருப்பூர் மாதிரி ஊரில் ஞாயிறும் ஷிப்ட் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கத்தோலிக்கக் கோவில்களில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம், அது ஞாயிறுத் திருப்பலிக்குச் சமம்.

காணிக்கைப் பை வரும்போது புதியவர்கள் போடவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து ஆளிடம் பையை நகர்த்திவிடுங்கள்.

அடுத்தது நான் பட்ட அவமானம். மூன்றாவது வாரம் என்று நினைவு. பிரசங்கம் முடிந்து எல்லோரும் வரிசையாக முன்னால் போனார்கள். எங்கள் ஊர் நோம்பியில், அதாவது கோவில் திருவிழாவில், பிரசாதத்துக்கு நிற்கிற வரிசை மாதிரி என்று நினைத்து நானும் போய் நின்றுவிட்டேன். ஆயர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அப்பத்தைத் தராமல் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். திரும்பி வரும்போது காது சுட்டது. அது திருவிருந்து, கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள், பெந்தெகொஸ்தேகாரர் இராப்போஜனம் என்பார்கள். ஞானஸ்நானம் (தண்ணீரால் சபையில் சேர்க்கும் சடங்கு) பெற்று, அந்தந்தச் சபையின் ஒழுங்குப்படி தயாரானவர்களுக்கு மட்டுமே உரியது. அந்த நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள். உங்களைத் தவிர இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், கவலை வேண்டாம்.

அறிவிப்பு நேரத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று படித்தால் மிரளாதீர்கள். அது கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு படிப்பார்கள்.

சொற்கள் செய்யும் குழப்பம்

எனக்குப் பிரசங்கம் புரியாமல் போனதற்குச் சாமி காரணமில்லை, தமிழ்தான் காரணம். நமக்குத் தெரிந்த சொல்லே அங்கே வேறு வேலை செய்யும். ஆராதனை என்றால் நமக்குக் கற்பூரத் தட்டு, அவர்களுக்கு முழு வழிபாடும் ஆராதனை. அபிஷேகம் என்றால் நமக்குப் பாலும் பஞ்சாமிர்தமும், அங்கே கடவுளின் ஆவி ஒருவர்மேல் வருவது. ஆவி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் அப்பத்தா சொன்ன புளியமரத்துக் கதைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. பரிசுத்த ஆவி என்பது கடவுளே மனிதருக்குள் இருந்து செயல்படுவதைச் சொல்கிற பெயர் என்று விளங்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. சாட்சி சொல்வது கோர்ட்டில் அல்ல, தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததாக நம்புவதை எழுந்து நின்று சொல்வது. ஊழியக்காரர் என்றால் அரசாங்க ஊழியர் இல்லை, முழுநேரமாகச் சபை வேலை செய்கிறவர். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கிடைக்கும் தயவு. இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மறக்காதீர்கள், பாதிப் பிரசங்கங்கள் அதைச் சுற்றித்தான் ஓடும்.

ஆயர் என்ற சொல் சி.எஸ்.ஐ.யில் நம் சபையை நடத்துகிற குருவைக் குறிக்கும். கத்தோலிக்கரிடம் அது மறைமாவட்டத்துக்கே தலைவரான பிஷப்பைக் குறிக்கும். தெரியாமல் ஒரு பங்குத்தந்தையிடம் "நீங்கதான் ஆயருங்களா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லைங்க" என்று சிரித்தார்.

பைபிளிலும் இரண்டு தமிழ் உண்டு. புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு, 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த திருவிவிலியம், 73 புத்தகங்கள். ஆதியாகமமும் தொடக்கநூலும் ஒன்றுதான். சங்கீதமும் திருப்பாடல்களும் ஒன்றுதான். கர்த்தர் என்று படித்தால் அங்கே ஆண்டவர், சுவிசேஷம் என்றால் நற்செய்தி. நான் இரண்டையும் வைத்துக்கொண்டு படிக்கிறேன். பழையதில் ஓசை நன்றாக இருக்கும், புதியதில் விஷயம் சீக்கிரம் புரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய மொழிபெயர்ப்பில் மூன்றாம் மணி, ஒன்பதாம் மணி என்று வந்தால் நம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது அது. மூன்றாம் மணி என்றால் காலை ஒன்பது. பதினோராம் மணி என்றால் சாயங்காலம் ஐந்து. இது தெரியாமல் ஒரு கதையை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பிரசங்கத்தைக் கேட்பது எப்படி

சனிக்கிழமை இரவே அடுத்த நாள் பகுதி என்ன என்று தெரிந்துகொள்ளலாம். சீரோ மலபார் போன்றவர்களைத் தவிர, கத்தோலிக்கருக்கு உலகம் முழுவதும் ஒரே அட்டவணை: ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா, பிறகு மறுபடியும் மத்தேயு, யோவானை இடையிடையே வாசிப்பார்கள். சி.எஸ்.ஐ.யில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு தலைப்பும் அதற்கேற்ற வேதபாடங்களும் முன்னாலேயே அச்சடித்துத் தந்துவிடுவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர்தான் முடிவு செய்வார், எனவே அங்கே போய்த்தான் தெரியும். பகுதியை ஒரு தடவை படித்துவிட்டுப் போனால் பிரசங்கம் பாதி தூரம் உங்களை நோக்கி வந்துவிடும்.

கையில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கியார் சொல்கிற எல்லாவற்றையும் எழுதவேண்டாம். நம் பிரசங்கியார்களுக்கு மூன்று குறிப்பும் மோனையும் இல்லாமல் இருக்க முடியாது: தேடும் அன்பு, தாங்கும் அன்பு, தரும் அன்பு என்று அடுக்குவார்கள். அதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. நீங்கள் எழுதவேண்டியது உங்களுக்கு எங்கே உறுத்தியது என்பதை. ஒரு வரி போதும்.

எனக்கு முதலில் உறுத்தியது லூக்கா 15ஆம் அதிகாரம். அதில் மூன்று கதைகள், மூன்றும் தொலைந்துபோனவற்றைப் பற்றியவை. நூறு ஆட்டில் ஒன்று, பத்துக் காசில் ஒன்று, இரண்டு மகன்களில் ஒருவன். மூன்றாவது கதையைப் புராட்டஸ்டன்ட்காரர்கள் கெட்ட குமாரன் கதை என்பார்கள், கத்தோலிக்கர் ஊதாரி மைந்தன் என்பார்கள். இளைய மகன் அப்பாவிடம் போய்ச் சொத்தில் தன் பங்கைக் கேட்கிறான். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது எப்படிக் கேட்குமோ தெரியாது, நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே வயிறு கலங்கும். அப்பன் உசுரோட இருக்கையிலேயே பாகத்தைப் பிரித்துக் கொடு என்பது, நீ எனக்குச் செத்த மாதிரி என்று சொல்வதுதானே. அந்தப் பணத்தை அழித்துவிட்டு, பஞ்சம் வந்து, பன்றி மேய்க்கப் போகிறான். பன்றிக்குப் போடுவதாவது கிடைத்தால் போதும் என்கிற நிலைமை. பழைய மொழிபெயர்ப்பில் அது தவிடு, திருவிவிலியத்தில் நெற்று, அதாவது காய்ந்த விதைக்காய். எனக்கு நெற்றுதான் சரியாகப் பட்டது. எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், வெள்வேல மரத்து நெற்றைப் பொறுக்கி ஆட்டுக்குப் போடுவோம். அதைத் தின்ன ஆசைப்படுகிற பசி என்ன பசி என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

மகன் திரும்பி வரும்போது அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அந்தப் பிரசங்கத்தைச் செய்தவர் அதை விளக்கவே இல்லை. "தோள்ல துண்டு போட்ட நம்ம ஊரு பெரியவரு யாராச்சும் ரோட்டுல ஓடிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். அப்புறம் மூத்தவனுக்கு வந்தார். மூத்தவன் அப்போது வயலில் இருக்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டியாவது கொடுத்தாயா என்று வாசலில் நின்று கேட்கிறான். அப்பா வெளியே வந்து அவனையும் கெஞ்சிக் கூப்பிடுகிறார். அவன் உள்ளே போனானா? கதையில் சொல்லவில்லை. அங்கேயே பிரசங்கத்தை முடித்துவிட்டார்.

என் அண்ணன் ஊரில் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் சம்பளத்தோடு திருப்பூரில். அன்று சாயங்காலம் அவனுக்கு போன் செய்தேன். என்ன விஷயம், எவ்வளவு பணம் வேணும் என்று கேட்டான்.

இன்னொன்று மத்தேயு 20. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கும் பிடிக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய்ச் சும்மா நிற்கிறவர்களைக் கூட்டி வருகிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு நாள் சம்பளம். பதினோராம் மணி என்றதை ராத்திரி என்றும் பகல் என்றும் நான் குழப்பிக்கொண்டது இங்கேதான். பீஸ் ரேட்டில், அதாவது செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று, வேலை செய்கிற எங்களுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது பெரிய வாக்குவாதம். "அது எப்படிங்க நியாயம்? காலையிலிருந்து வெயில்ல நின்னவனும் ஒரு மணி நேரம் வேலை செஞ்சவனும் ஒண்ணா?" என்று நான் கேட்டேன். செக்கிங் அக்கா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடலையே கண்ணு. அவன் வீட்டுலயும் உலை வைக்கணுமல்ல?" கிருபை என்ற சொல்லுக்கு நான் கேட்ட நல்ல விளக்கம் அது. மேடையிலிருந்து வந்ததல்ல.

யோவான் 10ஐயும் விட்டுவிடாதீர்கள். ஆட்டுத்தொழுவம் என்று படிப்பார்கள், நீங்கள் பட்டி என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே இயேசு தன்னை மேய்ப்பன் என்கிறார், அதே பேச்சில் தன்னை வாசல் என்றும் சொல்கிறார். ஒருவரே எப்படி இரண்டாகவும் இருக்க முடியும் என்று பட்டணத்துப் பையன்கள் கேட்பார்கள். பட்டிப் படலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுக்கிற ஆளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

பிரசங்கம் பிடிக்காத வாரங்களும் வரும். நீட்டி முழக்குவார், போன மாதம் சொன்ன கதையையே சொல்வார். அந்த வாரம் வேதப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பிரசங்கத்தை விட்டுவிடுங்கள். புரியாததைப் பிறகு நேரில் கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற போதகர் என்றால், வேறு சபை பார்ப்பதில் தப்பில்லை.

பாட்டும் ஒரு பிரசங்கம்தான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. ராகம், தாளத்தோடு பல்லவி, அனுபல்லவி போட்டு எழுதியவை. ஈரோட்டில் இருந்த லண்டன் மிஷன் ஊழியர் எச்.ஏ. பாப்லி நம் இசையைக் கற்று, கதாகாலட்சேபம் வழியாகவே பைபிள் கதைகளைச் சொன்னவர். வசனம் மறந்தாலும் கீர்த்தனை மறக்காது.

ஆண்டின் வட்டம்

பிரசங்கத் தலைப்புகள் கண்டபடி வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் காத்திருப்பு பற்றிப் பேசுவார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லோருக்கும் சபை ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது, ஜனவரியில் அல்ல. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குக் கூட்டம் பிதுங்கும். புது வருஷத்துக்கு வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுள் தரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும் பைபிள் வரி, எழுதிய அட்டை பல சபைகளில் கையில் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் சாம்பல் புதனோடு தவக்காலம், லெந்து நாட்கள் என்றும் சொல்வார்கள். ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது நாள். பிரசங்கம் அப்போது பாவம், மனமாற்றம், இயேசு பட்ட பாடுகள் என்று கனமாகிவிடும். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுகிற வழக்கம் புராட்டஸ்டன்ட் சபைகளில் உண்டு. ஒரே நாளில் ஏழு பிரசங்கமா என்று பயப்படாதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான். ஆசிரியை பேசுவார், டிரைவர் பேசுவார், கல்லூரிப் பெண் பேசுவாள். ஒரு சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரே மதியத்தில் தெரிந்துவிடும்.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. அன்றைக்குச் சாதி பற்றிய பிரசங்கம் நடக்கிறதா, நழுவிப்போகிறதா என்று பாருங்கள். சர்ச்சுக்குள் சாதி இல்லை என்று உங்களிடம் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. யார் கமிட்டியில் இருக்கிறார், யார் வீட்டுக் கல்யாணம் யாரோடு நடக்கிறது என்று கவனித்தால் பிரசங்கத்தில் சொன்னதில் எவ்வளவு தெருவுக்கு வந்திருக்கிறது என்பது தெரியும்.

பிரசங்கத்துக்குப் பிறகு

ஆசீர்வாதம் சொன்னதும் ஓடிவிடாதீர்கள். வராந்தாவில் பத்து நிமிடம் நில்லுங்கள். "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று யாராவது வருவார். சிலர் ஸ்தோத்திரம் என்று கைகூப்புவார்கள், வணக்கம் என்று திருப்பிச் சொன்னால் போதும். வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி என்று பலவும் இருக்கும். எதிலும் அவசரமாகச் சேரவேண்டாம். வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வீட்டின் முன்னறை, ஒரு பாட்டு, ஒரு பகுதி, அப்புறம் சுண்டல். ஞாயிறன்று கேட்கத் தயங்கிய கேள்வியை அங்கே கேட்டுவிடலாம். அன்பின் விருந்து என்று அறிவித்தால் கட்டாயம் இருந்து சாப்பிடுங்கள். பந்தி பரிமாறத் தெரிந்தால் வாளியைக் கையில் எடுங்கள், ஐந்து வாரப் பழக்கம் அன்றைக்கே ஆகிவிடும்.

கொஞ்சம் கறாராகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். ஜெபிப்பதற்குக் கட்டணம் கிடையாது. இவ்வளவு காணிக்கை போட்டால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று யாராவது கணக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கோ ஒரு கூட்டத்தில், மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று ஒருவர் பேசக் கேட்டேன். என் பக்கத்தில் இருந்த சர்க்கரை நோயாளி அம்மா அதை நம்பி நான்கு நாள் மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். நான்கு நற்செய்திகளில் ஒன்றை எழுதியவராகச் சொல்லப்படும் லூக்காவே வைத்தியர்தான்.

வீட்டில் மறைக்காதீர்கள். "மதம் மாறிட்டயா?" என்று அம்மா கேட்பார். கேட்கப் போகிறேன், பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊர் நோம்பிக்குப் போவதா, குலதெய்வக் கோவில் பொங்கலில் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குச் சபைக்குச் சபை பதில் மாறும். முடிவு எடுக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

ஞானஸ்நானத்துக்கும் அவசரமில்லை. கத்தோலிக்கரிடம் பெரியவர்களுக்குப் பல மாதத் தயாரிப்பு உண்டு, பெரும்பாலும் ஈஸ்டர் இரவில் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம். வந்த மூன்றாவது வாரமே கொடுக்கிறேன் என்பவரிடம் ஏன் இந்த அவசரம் என்று கேளுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி. கிறிஸ்தவராக மாறினால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். படிப்பும் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர் இதை முன்னாலேயே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அறுப்பின் பண்டிகை பற்றிச் சொல்லாமல் விட்டால் செக்கிங் அக்கா கோபித்துக்கொள்வார். சி.எஸ்.ஐ. சபைகளில் ஆண்டுக்கு ஒரு நாள், விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் குலை, எங்கும் வாழைத்தார், கோழி, சில இடங்களில் ஆட்டுக்குட்டியும் வரும். காடு இல்லாதவர்கள் வீட்டில் செய்த முறுக்கைக் கொண்டுவருவார்கள். அன்றைய பிரசங்கம் விதைப்பும் அறுப்பும் பற்றி இருக்கும், அது முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். முதல் வருஷம் அந்தப் பக்கம் நின்ற நண்பனுக்குக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னேன். ஏலம் விட்டவர் "எழுநூறு, அந்தத் தம்பி எழுநூறு" என்று மூன்று தரம் சொல்லி, ஒரு பூசணிக்காயை என் கையில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல காய்தான், விலைதான் அநியாயம் என்றார்.